டைவர்சிட்டி என்ற சொல்லுக்குள் சேரி இருக்கிறதா?

வெளிநாட்டுப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் நம் மாணவர்களின் கையில் ஒரு சொற்பட்டியல் இருக்கிறது. டைவர்சிட்டி, மல்டிகல்ச்சுரலிசம், டாலரன்ஸ், இன்க்ளூஷன், இன்டகிரேஷன், ஹெரிடேஜ், கம்யூனிட்டி. ஐஇஎல்டிஎஸ் கட்டுரைக்கும், உதவித்தொகை நேர்காணலுக்கும், தொண்டு நிறுவன வேலைக்கும் இவை தேவைப்படுகின்றன. பயிற்சி மையங்களில் மனப்பாடமே செய்ய வைக்கிறார்கள். அதை நாம் குறை சொல்லவில்லை. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குள் வந்த பிள்ளைகள் பலருக்கு இந்தச் சொற்கள் தெரியாததாலேயே வாய்ப்பு கைநழுவிப் போயிருக்கிறது. கற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

நம் கேள்வி வேறு. இந்தச் சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு சாதியைப் பேச முடியுமா? முடியாது என்கிறோம். அதைவிட ஆபத்தான ஒன்றும் இருக்கிறது. இந்தச் சொற்களை அப்படியே எடுத்துக்கொண்டால் சாதி ஒரு பண்பாடாக மாறிவிடுகிறது. பண்பாடு என்று பெயர் வாங்கிவிட்ட சாதிக்கு இதே சொற்கள் பாதுகாப்பும் கொடுத்துவிடுகின்றன. இது வெறும் மொழிப் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். பல நாடுகளில் சட்டமன்றம் வரை போன பிரச்சினை.

எந்தக் கேள்விக்குப் பிறந்த சொற்கள்?

1908இல் இஸ்ரேல் சாங்வில் எழுதிய 'தி மெல்டிங் பாட்' என்ற நாடகம் அமெரிக்காவில் அரங்கேறியது. ஐரோப்பாவில் இருந்து வந்து இறங்கும் மக்கள் எல்லாரும் ஒரே கொப்பரையில் உருகி அமெரிக்கர்கள் ஆகிவிடுவார்கள் என்ற எண்ணம் அந்தப் பெயரோடு பரவியது. பிறகு அதை மறுத்தவர்கள் வந்தார்கள். உருக வேண்டாம், அவரவர் அடையாளத்தோடு சேர்ந்து இருக்கலாம் என்றார்கள். 'சாலட் பவுல்', 'மொசைக்' என்ற உவமைகள் அப்படித்தான் புழக்கத்துக்கு வந்தன. கனடாவில் 1971 அக்டோபரில் பிரதமர் பியர் ட்ரூடோ பல்பண்பாட்டைத் தன் அரசின் கொள்கையாக அறிவித்தார். 1988இல் அதற்கென்று தனிச் சட்டமே வந்தது.

இந்தச் சொற்களுக்குப் பின்னால் இருக்கும் கேள்வி ஒன்றுதான். வெவ்வேறு நாட்டில் இருந்து, வெவ்வேறு மொழியோடும் மதத்தோடும் வந்தவர்கள் ஒரே நாட்டில் எப்படிச் சேர்ந்து வாழ்வது? நல்ல கேள்வி. அந்த நாடுகளின் நிறவெறியோடும் குடியேற்றத்தோடும் மல்லுக்கட்டிப் பிறந்த கேள்வி.

ஆனால் நம் ஊரில் யாரும் கப்பலில் வந்து இறங்கவில்லை. ஊரும் சேரியும் ஒரே மொழி பேசுகின்றன. ஒரே மழைக்குக் காத்திருக்கின்றன. பல இடங்களில் கும்பிடும் சாமியும் ஒன்றுதான், தேர் மட்டும் சேரித் தெருவுக்கு வராது. இந்த வேறுபாட்டைப் பண்பாட்டு வேறுபாடு என்று சொல்ல முடியாது. அம்பேத்கர் இதைப் படிநிலைச் சமத்துவமின்மை என்று சொன்னார். ஒருவருக்கு மேல் ஒருவர், அவருக்கு மேல் இன்னொருவர். டைவர்சிட்டி என்ற சொல் மனிதர்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்துப் பார்க்கிறது. யார் தோள்மேல் யார் நிற்கிறார்கள் என்பது அந்தச் சொல்லின் கண்ணுக்குத் தெரிவதில்லை.

பள்ளிப் புத்தகத்தில் 'வேற்றுமையில் ஒற்றுமை' பாடத்துக்கு வரும் படத்தை நினைத்துப் பாருங்கள். தலைப்பாகை கட்டிய பஞ்சாபி, சேலை கட்டிய தமிழ்ப் பெண், காஷ்மீரி, வங்காளி எல்லாரும் கைகோத்து நிற்பார்கள். மாநிலத்துக்கு ஓர் உடை. அந்தப் படத்தில் ஊருக்கும் சேரிக்கும் நடுவே ஓடும் கோட்டை எங்கே வரைவது? இடமே கிடையாது. டைவர்சிட்டி என்ற சொல்லை நாம் முதன்முதலில் கற்றுக்கொண்டது இந்தப் படத்தில் இருந்துதான்.

சொல் சொல்லாகப் பார்ப்போம்

டாலரன்ஸ். தமிழில் சகிப்புத்தன்மை. நவம்பர் 16 இதற்காக ஐ.நா. கொண்டாடும் நாள். தமிழில் எதைச் சகித்துக்கொள்வோம்? வலியை, வெயிலை, நாற்றத்தை. சகிக்கிறவர் ஒருவர் இருந்தால் சகிக்கப்படுகிறவர் ஒருவர் இருக்கத்தான் வேண்டும். அந்த இரண்டாவது இடத்தை ஏற்றுக்கொண்டு, "எங்களைச் சகித்துக்கொள்ளுங்கள்" என்று நாம் கேட்க வேண்டுமா? நம் முன்னோர் அப்படிக் கேட்டதில்லை. மகாடு குளத்தில் 1927இல் தண்ணீர் எடுக்கப் போனவர்கள் உரிமையைக் கேட்டார்கள்.

இன்க்ளூஷன். உள்ளே சேர்த்துக்கொள்வது. இரட்டைக் குவளை வைத்திருக்கும் தேநீர்க் கடையை இந்தச் சொல்லால் அளந்து பாருங்கள். தலித் வாடிக்கையாளரைக் கடைக்காரர் துரத்தவில்லை. காசு வாங்குகிறார், தேநீர் தருகிறார். குவளை மட்டும் வேறு, உட்காரும் இடம் வேறு, சில இடங்களில் குடித்த குவளையை அவரே கழுவி வைக்க வேண்டும். இதுவும் ஒருவகை 'உள்ளே'தான். சாதி எப்போதுமே நம்மை உள்ளே வைத்துத்தான் வேலை வாங்கியிருக்கிறது. நாம் இல்லாமல் வயல் இல்லை, பிணம் எரியாது, சாக்கடை ஓடாது. ஆகவே உள்ளே வந்தார்களா என்ற கேள்வி நமக்குப் போதாது. எந்தக் குவளையோடு வந்தார்கள் என்பதையும் கேட்க வேண்டும். ஒரு நிறுவனம் தன் ஊழியர்களில் இத்தனை பேர் தலித் என்று சொன்னால், முடிவெடுக்கும் மேசையில் எத்தனை பேர், துப்புரவுப் பணியில் எத்தனை பேர் என்று நாம் திருப்பிக் கேட்பது இதனால்தான்.

கல்ச்சர். இதுதான் எல்லாவற்றிலும் வழுக்கலான சொல். சென்னையில் வீடு தேடியவர்களுக்கு 'வெஜிடேரியன்ஸ் ஒன்லி' பலகை தெரியும். கேட்டால், "அது எங்கள் கல்ச்சர், எங்கள் உணவு விருப்பம்" என்பார்கள். உணவு விருப்பம் என்று சொன்ன மறுநிமிடமே அது மதிக்க வேண்டிய பண்பாடாகிவிடுகிறது. ஆனால் அந்தப் பலகைக்குப் பின்னால் நடக்கும் உரையாடலில் ஊர் கேட்கிறார்கள், அப்பா பெயர் கேட்கிறார்கள், "சொந்த ஊரில் எந்தத் தெரு" என்று கேட்கிறார்கள். தட்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எதற்குத் தெருப் பெயர்? சாதி கேட்பது அநாகரிகம் ஆகிவிட்ட இடத்தில் பண்பாடு கேட்பது நாகரிகமாகிவிட்டது.

கம்யூனிட்டி. மேற்கில் இது அன்பான சொல். ஒன்றாக வாழ்பவர்கள், ஒருவருக்கொருவர் துணையாக இருப்பவர்கள் என்று பொருள். நம் ஊரில்? வட்டாட்சியர் அலுவலகத்தில் நாம் வாங்குவது கம்யூனிட்டி சர்டிபிகேட். தமிழில் சாதிச் சான்றிதழ். "நீங்க என்ன கம்யூனிட்டி?" என்று யாராவது இழுத்துக் கேட்டால் அவர் எதைத் தெரிந்துகொள்ள நினைக்கிறார் என்று நமக்குத் தெரியும். தமிழில் 'சமூகம்' என்ற சொல்லுக்கும் இதே கதிதான். முழுச் சமுதாயத்துக்கும் அதுவே பெயர், தனித்தனிச் சாதிக்கும் அதுவே பெயர். இந்த நிலையில் ஒரு ஆங்கிலக் கட்டுரையில் "எங்கள் கம்யூனிட்டியின் மதிப்பீடுகளைக் காக்க வேண்டும்" என்று ஒருவர் எழுதினால், லண்டனில் இருப்பவர் ஒன்றாகப் படிப்பார், மதுரையில் இருப்பவர் வேறொன்றாகப் படிப்பார்.

சாதி ஆங்கிலத்துக்குள் ஏற்கெனவே இருக்கிறது

ஆங்கிலம் சாதியற்ற மொழி என்ற நம்பிக்கை நம்மில் பலருக்கு உண்டு. அதற்கு நியாயமான காரணமும் உண்டு. சொந்த மொழியில் 'வா, போ' என்று ஒருமையில் அழைக்கப்பட்டவர்களுக்கு 'யூ' என்ற ஒரே சொல் பெரிய விடுதலையாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மொழியின் அகராதியைத் திறந்து பாருங்கள். 'பறையா' என்ற சொல் அங்கே இருக்கிறது. நம் தமிழில் இருந்து போனதுதான். ஒரு மக்களின் பெயர் அங்கே 'எல்லாராலும் ஒதுக்கப்பட்டவர்' என்று பொருள் தருகிறது. உலக அரசியல் எழுதுகிறவர்கள் தடை விதிக்கப்பட்ட நாடுகளைப் 'பறையா ஸ்டேட்' என்று இன்றும் கூச்சமில்லாமல் எழுதுகிறார்கள். அதே அகராதியில் 'பிராமின்' என்ற சொல்லும் இருக்கிறது. 1860இல் ஆலிவர் வென்டல் ஹோம்ஸ், பாஸ்டன் நகரத்தின் பழைய பணக்காரக் குடும்பங்களை நியூ இங்கிலாந்தின் பிராமணச் சாதி என்று எழுதினார். 'பாஸ்டன் பிராமின்' என்றால் இன்றும் படித்த, பண்பட்ட மேட்டுக்குடி என்று பொருள். நம் படிநிலை கடல் தாண்டிப் போய் அகராதியிலும் மேலும் கீழுமாகவே உட்கார்ந்திருக்கிறது.

எதிர்த்திசையிலும் இது நடந்திருக்கிறது. 'காலனி' என்ற ஆங்கிலச் சொல் நகரத்தில் ரயில்வே காலனி, போலீஸ் காலனி என்று குடியிருப்பைக் குறிக்கும். கிராமத்தில் அதே சொல் சேரிக்குப் பெயராகி, 'காலனிக்காரன்' என்பது வசையாகிவிட்டது. 2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின், அரசு ஆவணங்களில் இருந்து 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று சட்டப்பேரவையில் அறிவித்தார். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தச் சொல்லை இழிவாக்கியது அந்தச் சொல் இல்லை, அங்கே வாழ்பவர்களைப் பற்றிய ஊரின் எண்ணம். எண்ணம் அப்படியே இருந்தால் அடுத்து வரும் பெயருக்கும் அதே கதிதான். எந்தப் பளபளப்பான சொல்லும் தானாக நம்மைக் காப்பாற்றாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

சட்டத்தில் சொல் இருந்தால், இல்லாவிட்டால்

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்கும் தோழர்களுக்காக இரண்டு நாடுகளின் கதை.

பிரிட்டனில் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் இனம், மதம், பாலினம் போன்றவற்றின் பெயரால் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. அதில் சாதி இல்லை. தேவைப்பட்டால் அரசு பின்னால் சேர்க்கலாம் என்று ஒரு பிரிவு மட்டும் இருந்தது. 2013இல் நாடாளுமன்றம் அதை அரசின் கடமையாக மாற்றியது. அங்கிருந்த சில இந்து அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. 2018இல் அரசு, தனிச் சொல் தேவையில்லை, நீதிமன்றத் தீர்ப்புகளே போதும் என்று சொல்லிக் கைகழுவியது. அவர்கள் சுட்டிய தீர்ப்பு எது தெரியுமா? பீகாரில் இருந்து வீட்டு வேலைக்கு அழைத்துச் செல்லப்பட்ட ஓர் ஆதிவாசிப் பெண் போட்ட வழக்கு. அவருக்கு மணிக்கு வெறும் 11 பென்ஸ் கூலிதான் கிடைத்தது. 2014 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், 'இன வழி' என்ற சொல்லுக்குள் சாதியும் சில சூழல்களில் அடங்கலாம் என்று சொன்னது. 'அடங்கலாம்'. அதாவது பாதிக்கப்பட்டவர் ஒவ்வொரு முறையும் வழக்குப் போட்டு, தன் சாதி அந்தச் சொல்லுக்குள் அடங்கும் என்று முதலில் நிரூபிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் தனக்கு நடந்த கொடுமையைப் பேச முடியும்.

அமெரிக்காவில் 2019இல் பிராண்டைஸ் பல்கலைக்கழகம் தன் பாகுபாட்டுத் தடுப்பு விதியில் சாதியைச் சேர்த்தது. 2022 ஜனவரியில் 23 வளாகங்கள் கொண்ட கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக அமைப்பு சேர்த்தது. 2023 பிப்ரவரி 21 அன்று சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் நகரம் அதுதான். அதே ஆண்டு கலிபோர்னியா சட்டமன்றம் மாநிலம் முழுமைக்கும் சட்டம் நிறைவேற்றியது. அக்டோபரில் ஆளுநர் கவின் நியூசம் அதைத் தடுத்து நிறுத்தினார். இருக்கிற சட்டமே போதும் என்பதுதான் அங்கும் சொல்லப்பட்ட காரணம்.

எதிர்த்தவர்கள் என்ன மொழியில் எதிர்த்தார்கள் என்பதைப் பாருங்கள். சாதி நல்லது என்று யாரும் சொல்லவில்லை. "நாங்கள் சிறுபான்மையினர், இந்தச் சட்டம் எங்கள் மதத்தையும் எங்கள் கம்யூனிட்டியையும் குறிவைக்கிறது" என்றார்கள். முழுக்க முழுக்க டைவர்சிட்டியின் மொழி. அமெரிக்காவில் இந்தியர்கள் சிறுபான்மையினர் என்பது உண்மை. அவர்கள்மீது நிறவெறி பாய்கிறது என்பதும் உண்மை. அதை எதிர்த்து அவர்களோடு சேர்ந்து நாமும் நிற்போம். ஆனால் அந்தச் சிறுபான்மைக்குள்ளே யார் வீட்டு விருந்துக்கு யாரைக் கூப்பிடுவதில்லை, அலுவலகத்தில் யாருடைய முதுகைத் தட்டிப் பார்த்துப் பூணூல் தேடுகிறார்கள் என்பதைப் பேச வரும்போது மட்டும் 'பண்பாட்டை மதியுங்கள்' என்று கதவைச் சாத்தினால் எப்படி? இனப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் வெள்ளையர் எல்லாரையும் குற்றவாளி ஆக்கவில்லை. சாதிப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் மட்டும் எப்படி இந்தியர் எல்லாரையும் குற்றவாளி ஆக்கும்?

நமக்கு உழைத்த சொற்கள்

ஆங்கிலத்தை விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. ஆங்கிலத்திலேயே நமக்கு உழைத்த சொற்கள் இருக்கின்றன. பயிற்சி மையத்துப் பட்டியலில் அவை பெரும்பாலும் இருப்பதில்லை.

'டிசென்ட்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். பிறப்புவழி என்று சொல்லலாம். 1965இல் ஐ.நா. ஏற்ற இனப்பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கையின் முதல் பிரிவில் இனம், நிறம் ஆகியவற்றோடு இந்தச் சொல்லும் இருக்கிறது. அதைச் சேர்க்கச் சொன்னது இந்தியா. 2001இல் டர்பன் மாநாட்டுக்குப் போன தலித் அமைப்புகள் சாதியையும் அந்தச் சொல்லின் கீழ் பேச வேண்டும் என்று கேட்டபோது அதை எதிர்த்ததும் இந்திய அரசுதான். ஆனாலும் அடுத்த ஆண்டே அந்த உடன்படிக்கையின் கண்காணிப்புக் குழு, பிறப்புவழிப் பாகுபாடு என்பதில் சாதியும் அடங்கும் என்று தன் 29ஆவது பொதுப் பரிந்துரையில் தெளிவாக எழுதியது. ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு உலக மன்றம் வரை போக முடியும் என்பதற்கு இது சாட்சி.

'எண்டோகமி', அதாவது அகமணம். 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த கட்டுரையில் 25 வயது அம்பேத்கர் சாதியின் உயிர்நாடி இதுதான் என்று காட்டினார். சாதி எப்படித் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது என்பது இந்தச் சொல்லில் இருக்கிறது. திருமணம் யாருடைய கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று கேட்க வைக்கும் சொல் இது. 'மைனாரிட்டி' என்ற சொல்லையும் அவர் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. 1947இல் எழுதிய 'ஸ்டேட்ஸ் அண்ட் மைனாரிட்டிஸ்' நூலில், மதம் வேறா என்பதை மட்டும் பார்க்கக்கூடாது, சமூகப் பாகுபாட்டுக்கு ஆளாகிறார்களா என்பதே உரைகல் என்று வாதிட்டார். பிறர் கொடுத்த சொல்லை வாங்கி அதன் பொருளையே மாற்றினார்.

நம் மொழியிலும் இந்த வேலை நடந்திருக்கிறது. 1922இல் எம்.சி.ராஜா சென்னை சட்ட மன்றத்தில் போராடி, பறையர், பஞ்சமர் என்ற பெயர்களுக்குப் பதிலாக ஆதி திராவிடர் என்ற பெயரை அரசு ஆவணத்தில் ஏற்றினார். மராட்டியத்தில் 1972இல் தோன்றிய தலித் பாந்தர்கள், அமெரிக்கக் கறுப்பின இளைஞர்களின் பாந்தர் என்ற பெயரைத் தங்கள் சொல்லோடு சேர்த்துக்கொண்டார்கள். நம் காலத்தில் நடந்தது 'ஹானர் கில்லிங்'. ஆங்கிலப் பத்திரிகைகளில் அந்தச் சொல் வந்தபோது தமிழில் 'கௌரவக் கொலை' என்று மொழிபெயர்த்தார்கள். கொலையில் என்ன கௌரவம் என்று இயக்கங்கள் கேட்டன. 'ஆணவக் கொலை' என்ற சொல் வந்தது. இன்று நாளிதழ்களும் அதைத்தான் எழுதுகின்றன. ஆங்கிலச் சொல் கொலைகாரனின் வாயில் இருந்து பேசியது, தமிழ்ச் சொல் கொல்லப்பட்டவரின் பக்கம் நின்று பேசுகிறது.

எழுதும்போது செய்ய வேண்டியவை

விண்ணப்பமோ கட்டுரையோ எழுதும் மாணவர்களுக்கு நாம் சொல்வது இதுதான். டைவர்சிட்டி என்று எழுதுங்கள், ஆனால் அடுத்த வரியிலேயே யார் மேலே, யார் கீழே என்று எழுதுங்கள். இன்க்ளூஷன் என்று வந்தால், கதவு யார் கையில் இருக்கிறது என்பதையும் சேருங்கள். 'கம்யூனிட்டி' என்று எழுதும் இடத்தில் சாதியைத்தான் சொல்ல வருகிறீர்கள் என்றால் சாதி என்றே எழுதுங்கள். ஒடுக்கப்பட்டவர்கள் என்று எழுதினால், ஒடுக்கியது யார் என்பதை விட்டுவிடாதீர்கள். 'கேஸ்ட் கிளாஷ்' என்று செய்தியில் படித்தால், இரு தரப்பும் மோதினார்களா, ஒரு தரப்பு போய்த் தாக்கியதா என்று விசாரித்துவிட்டு எழுதுங்கள். தாக்குதல் என்றால் 1989ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு வைத்திருக்கும் பெயர் வன்கொடுமை.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் முதல் வாரத்திலேயே அங்குள்ள பாகுபாட்டுத் தடுப்பு விதியைப் படித்துப் பாருங்கள். அதில் சாதி என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லை என்றால் மாணவர் சங்கத்திடம் கேளுங்கள். கலிபோர்னியாவில் சேர்க்க வைத்ததும் மாணவர்களும் ஆசிரியர்களும்தான். ஒற்றைச் சொல்தானே என்று யாராவது சலித்துக்கொண்டால், அந்த ஒற்றைச் சொல்லை எடுத்துவிட ஏன் இத்தனை பேர் இவ்வளவு பாடுபடுகிறார்கள் என்று கேளுங்கள்.